சர்ச் ஸ்கூல் சீட்டுக்காக கார்டு கடன் ஏறுது, லோன் போடலாமா?

கேள்வி: சார், நாங்க லண்டன் குரோய்டன்ல இருக்கோம், சொந்த ஊர் பாளையங்கோட்டை, சிஎஸ்ஐ குடும்பம். மகளை வீட்டுப் பக்கத்து சர்ச் ஆஃப் இங்கிலாந்து பிரைமரி ஸ்கூல்ல அடுத்த வருஷம் ரிசப்ஷன் (ஸ்கூலோட முதல் வகுப்பு) சேக்கணும். காசு குடுத்தாதான் சீட்டு, தன் பிள்ளைக்கும் அப்படித்தான் கிடைச்சதுன்னு நாத்தனார் சொன்னதால ரெண்டு வருஷமா சர்ச்சுக்கு மாசம் 150 பவுண்ட், ஸ்கூல் கவர்னர்ஸ் (நிர்வாகக் குழு) ஃபண்டுக்கு 50 பவுண்ட் குடுக்கறோம். மளிகை, பெட்ரோல் எல்லாம் கிரெடிட் கார்டுல போகுது, பாக்கி 4,300 பவுண்ட், ஏபிஆர் (வருஷ வட்டி) 24.9%, மாசம் 130 கட்டறோம். இப்போ ஸ்கூல்ல கூரை ரிப்பேருக்கு 1,000 குடுன்னு சொல்றாங்க. பர்சனல் லோன் போடலாமா? கிரிப்டோல கொஞ்சம் போட்டு எடுக்கலாமான்னு கணவர் கேக்கறார்.

பதில்: லோனும் வேண்டாம், கிரிப்டோவும் வேண்டாம்மா. 25% வட்டில கடன் இருக்கும்போது கிரிப்டோல போடறது சூதாட்டம்தான், அதைப் பத்தி மேல பேசவே வேண்டாம்.

மாசம் 200 வீதம் 24 மாசம், 4,800 ஆச்சு. கார்டு பாக்கி 4,300. அதாவது உங்க கடன் மளிகைக்கடன் இல்ல, முழுக்க இந்த டொனேஷன் கடன். வட்டி மட்டும் மாசம் 80 பவுண்ட் கிட்ட போகுது, நீங்க கட்டற 130ல அசலுக்குப் போறது வெறும் 50.

இதுக்கு சீட்டு கிடைக்குமான்னா, கிடைக்காது. நம்ம ஊர்ல டொனேஷன் குடுத்து சீட்டு வாங்கிப் பழகுன மனசு இங்கயும் அதையே நினைக்குது. ஸ்கூல் சேர்க்கைக்கு அரசாங்கம் போட்ட விதிப் புத்தகமான இங்கிலாந்து ஸ்கூல் அட்மிஷன்ஸ் கோட், பத்தி 1.9ல தெளிவா இருக்கு, பெத்தவங்க ஸ்கூலுக்கோ அதோட சம்பந்தப்பட்ட சர்ச்சுக்கோ செய்யற பண உதவி, வேலை உதவி எதையும் வச்சு பிள்ளைக்கு முன்னுரிமை குடுக்கக் கூடாது. நாத்தனார் பிள்ளைக்கு சீட்டு கிடைச்சது ஞாயித்துக்கிழமை ஒழுங்கா சர்ச்சுக்குப் போனதாலயோ வீடு பக்கத்துல இருந்ததாலயோ இருக்கும்.

அப்புறம் ஏன் ஸ்கூல் காசு கேக்குதுன்னா, சர்ச் ஸ்கூல்ல வாலண்டரி எய்டட், வாலண்டரி கன்ட்ரோல்ட்னு 1944 கல்விச் சட்டத்துல இருந்தே முக்கியமா ரெண்டு வகை. ரெண்டுலயும் டீச்சர் சம்பளம், கரண்ட், புக்ஸ் எல்லாம் அரசாங்கப் பணம், பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது. ஆனா எய்டட்ல கட்டட வேலைன்னு வந்தா பொதுவா 10% கவர்னர்ஸ் தரப்புல போடணும், கூரைக்கு லெட்டர் வர்றது அதனாலதான். பெத்தவங்க அதுக்குக் குடுக்கறது விருப்பப்பட்டாதான், அட்மிஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

உங்க ஸ்கூல் எந்த வகைன்னு முதல்ல பாருங்க. கன்ட்ரோல்ட்னா அட்மிஷன் விதி கவுன்சில் (உள்ளாட்சி) கையில, சர்ச் அட்டெண்டன்ஸ் பெரும்பாலும் கேக்கவே மாட்டாங்க. எய்டட்னா கவர்னர்ஸ் கையில, இடத்தை விட அப்ளிகேஷன் அதிகமா வந்தா மட்டும்தான் சர்ச் கணக்கு வரும், அதுவும் எத்தனை தடவை வந்தீங்கன்னு விகார் (சர்ச் போதகர்) கையெழுத்து போடறதுதான், எவ்வளவு குடுத்தீங்கன்னு இல்ல. நீங்க ரெண்டு வருஷமா ஒழுங்கா சர்ச்சுக்குப் போறீங்கன்னா அதுதான் கணக்கு, எத்தனை தடவை வேணும்னு ஸ்கூல் விதில பாருங்க. இதுல எல்லாரும் கோட்டை விடறது எங்கன்னா, ஜனவரி 15க்குள்ள கவுன்சில் ஃபார்ம் மட்டும் போட்டுட்டு சர்ச் விவரம் கேக்கற ஸ்கூலோட தனி ஃபார்மை, அதாவது சப்ளிமெண்டரி ஃபார்மை, மறந்துடறாங்க. அந்த ஃபார்ம் இல்லாம உங்க சர்ச் அட்டெண்டன்ஸை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க. கவுன்சில் ஃபார்ம்ல பக்கத்து சாதா ஸ்கூலையும் ஒண்ணு ரெண்டு போட்டு வைங்க.

இந்த மாசமே சர்ச்சுக்கும் ஸ்கூலுக்கும் மாசாமாசம் போற ரெண்டு பணத்தையும் நிறுத்துங்க. அந்த 200ஐயும் சேத்து மாசம் 330 கட்டி, கார்டுல புதுசா எதுவும் வாங்காம இருந்தா சுமாரா 15 மாசத்துல கடன் தீரும். காணிக்கை போடணும்னு மனசு இருந்தா போடுங்க, வேண்டாம்னு சொல்ல நான் யாரு, ஆனா கையில இருக்கற காசுல போடுங்க. நாத்தனார்கிட்ட வாதாட வேண்டாம், அந்த 1.9 பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் குடுங்க, அதையும் உங்க கணவரே குடுக்கட்டும், அவரோட அக்கா தங்கச்சிதானே.