நமத்துப்போன வடையும் நாலாயிரம் ரூபாய் டப்பாவும்

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் எண்ணெய் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். மிச்சப் பலகாரம், அதைச் சூடாக்க வாங்கிய சாமான், அந்தச் சாமான் செய்த துரோகம். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மாமியார் பற்றிய பகுதிகளை முழுதாகவே வெட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

கேள்வி: முந்தின நாள் மசால் வடையை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. மெஷினில் கோளாறா? சர்வீஸுக்குச் சொல்லலாமா? (வாசகி, சேலம்)

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. சர்வீஸ்காரரை வரவழைத்தால் பார்வைக் கட்டணம்தான் தண்டம்.

வடையை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று நுரைக்கிறதே, அது மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடும் சத்தம். அப்படி மேல்தோல் வறண்டு போவதால்தான் மொறுமொறுப்பு. ராத்திரி முழுக்க டப்பாவில் மூடிவைத்தால் நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல நகர்ந்து தோலுக்கு வந்துவிடும். மைக்ரோவேவ் முக்கியமாகத் தண்ணீரைத்தான் சூடாக்கும். உள் ஈரம் ஆவியாகி வெளியே வருகிற வழியில் தோலை நனைத்துவிட்டுப் போகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றோ சூடாவதில்லை. நனைந்ததை உலர்த்த அங்கே ஆளில்லை.

உங்கள் வீட்டில் கனமான தோசைக்கல் இருக்குமே? எண்ணெய் விடாமல் காயவைத்து, தீயைக் குறைத்து, வடைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். மூடி போடாதீர்கள். பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம். வடை குடித்த எண்ணெயே கொஞ்சம் கசிந்து கல்லில் மினுங்கும், அதுவே போதும். எடுத்ததும் தட்டில் வைக்காமல் சல்லடையில் வையுங்கள். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீண்.

இந்த ஞானம் எனக்கு இலவசமாக வரவில்லை. வடையும் பப்ஸும் "அப்படியே புதுசு மாதிரி" வரும் என்று கடைப் பையன் சொன்னதை நம்பி, ஒரு காலத்தில் 28 லிட்டர் கன்வெக்ஷன் மாடல் (சூடான காற்றையும் சுற்றவிடும் மைக்ரோவேவ்) வாங்கினேன். பையன் பொய் சொல்லவில்லை, கன்வெக்ஷனில் வைத்தால் மொறுமொறுப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் பெட்டி சூடேறவே பத்து நிமிடம். மூன்று வடைக்காக அந்தப் பெரிய பெட்டியைக் காயவைக்க வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. இப்போது அதில் பால் சுடுகிறது, அதன் தலையில் அப்பளக் கட்டும் கரண்ட் பில் அட்டையும் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு விஷயத்தில் மைக்ரோவேவை விட்டுக்கொடுக்க மாட்டேன். நமத்துப்போன அப்பளம், சிப்ஸ் மாதிரி மெல்லியவற்றை 20, 30 விநாடி வைத்து வெளியில் ஆறவிட்டால் மறுபடி நொறுங்கும். மெல்லியதாக இருப்பதால் ஈரம் தங்க இடமில்லாமல் வெளியேறிவிடுகிறது.

கேள்வி: கடையில் வாங்கிய முறுக்கு பாக்கெட்டைப் பிரித்தபோதே நமத்திருந்தது. கடைக்காரர் "வாணலியில் லேசாக வறுத்தால் சரியாகிவிடும்" என்கிறார். உண்மையா? (வாசகர், விருதுநகர்)

பதில்: வறுத்தால் சரியாகும். ஆனால் நீங்கள் ஏன் வறுக்க வேண்டும்? மொறுமொறு முறுக்குக்குத்தானே காசு கொடுத்தீர்கள்? பிரித்த பாக்கெட்டையும் பில்லையும் கொண்டுபோய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒன்றை முகர்ந்து பாருங்கள். வெறும் ஈரத்தில் நமத்தது வேறு, எண்ணெய் கெட்டது வேறு. சிக்கு வாடை அடித்தால் எந்த வாணலியும் அதைக் காப்பாற்றாது. அது சமையல் குறிப்பு கேட்கும் விஷயம் இல்லை, உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யும் விஷயம். பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் தயாரிப்பாளர் முகவரியும் பேட்ச் எண்ணும் இருக்கும், புகாருக்கு அவை வேண்டும்.

கேள்வி: மெதுவடையை மறுநாள் மொறுமொறுப்பாக்க என்ன சாமான் வாங்கலாம்? (வாசகி, மதுரை)

பதில்: தயிர்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். 4.5 லிட்டர் ஏர் ஃபிரையர் ஆஃபரில் 3,999 ரூபாய், எம்.ஆர்.பி. 11,999. "ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிறது. எண்ணெய் இல்லாமல் பஜ்ஜியும் போடலாமாம். வாங்கிவிடட்டுமா? (வாசகர், கோவை)

பதில்: இந்த லிட்டர் விவகாரத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்.

லிட்டர் என்பது பாலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள அளவு. வடைக்கு எதற்கு லிட்டர்? ஏர் ஃபிரையர் என்று பெயர் வைத்திருந்தாலும் அது பொரிக்கும் பாத்திரம் இல்லை, காற்றாடி வைத்த சின்ன அவன். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் விசிறி. சூடான காற்று பலகாரத்தின் எல்லாப் பக்கமும் சுற்றி ஈரத்தை அடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஒரே அடுக்காக, இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் இருப்பது வியர்த்துப் போகும். ஆக, கூடை எவ்வளவு ஆழம் என்பது இந்த வேலைக்குக் கால் காசு பெறாது. அடித்தட்டின் நீள அகலம்தான் கணக்கு. அதைப் பெட்டியில் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்காது. ஆழத்தையும் சேர்த்துப் பெருக்கினால்தானே எண் பெரிதாகத் தெரியும்!

போன மாதம் ஒரு கடைக்கு அளவு டேப்பும் இலையில் சுற்றிய ஒரு மசால் வடையும் எடுத்துக்கொண்டு போனேன். காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். 4.5 லிட்டர் கூடையின் அடித்தட்டு பக்கத்துக்கு 19 சென்டிமீட்டர், மூலைகள் வளைவு. என் வடை 7 சென்டிமீட்டர். ஒட்டாமல் வைத்தால் நாலு. பக்கத்தில் இருந்த 6 லிட்டர் மாடலை அளந்தேன். அடித்தட்டு ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல், மீதியெல்லாம் ஆழம். அதற்கும் நாலுதான். விலையில் மட்டும் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வித்தியாசம்.

உங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு வடை என்றால் இரண்டு ஈடு வைக்க வேண்டும். 180 டிகிரியில் ஈட்டுக்கு நாலைந்து நிமிடம். கரண்ட் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், 1,400 வாட்ஸ் மெஷின் ஐந்து நிமிடத்துக்கு இழுப்பது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

பஜ்ஜி? கரைத்த மாவு சூடான எண்ணெயில் விழுந்த நொடியில் இறுகுவதால்தான் வாழைக்காயைப் பிடித்துக்கொள்கிறது. காற்றில் அது இறுகுவதற்குள் ஒழுகிக் கூடையின் ஓட்டை வழியே இறங்கிவிடும். நேற்றுப் போட்ட பஜ்ஜியைச் சூடாக்கலாம், புது பஜ்ஜி வராது.

எம்.ஆர்.பி. பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது தயாரிப்பாளர் தானே அச்சடிக்கும் அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். 11,999 என்று போட்டுவிட்டு, ஒரு நாள்கூட அந்த விலைக்கு விற்காமல், "எட்டாயிரம் மிச்சம்" என்று விளம்பரம் செய்யலாம். உங்களுக்கு மிச்சமானது எதுவும் இல்லை, 3,999 செலவாகிறது, அவ்வளவுதான்.

கட்லெட், நக்கெட்ஸ் என்று வாரத்துக்கு இரண்டு முறை உறையவைத்த பலகாரம் வாங்குகிற வீடு என்றால் வாங்குங்கள், பயன்படும். தீபாவளி மிச்சத்துக்கு மட்டும் என்றால் தோசைக்கல் வீட்டிலேயே இருக்கிறது.

கேள்வி: ஏர் ஃபிரையர் போட்டால் பிளக் சூடாகி, சுவிட்சுப் பெட்டி ஓரம் பழுப்பேறிவிட்டது. பெரிய பின் என்பதால் கன்வெர்ஷன் பிளக் போட்டு மிக்ஸி பாயின்ட்டில் சொருகியிருக்கிறோம். கம்பெனிமேல் வழக்குப் போடலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: யார்மேல்? பெரிய பின் வைத்துக் கொடுத்ததே "என்னை 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடு" என்று சொல்லத்தான். உங்கள் மெஷின் 1,500 வாட்ஸ் என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி பாயின்ட் ஆறு ஆம்பியர் தாங்கும். கன்வெர்ஷன் பிளக்கைக் குப்பையில் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்றைக்கே.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு இதய நோய், எண்ணெய் ஆகாது. பொருட்காட்சி ஸ்டாலில் ஏர் ஃபிரையரில் சமோசா செய்து கொடுத்தார்கள், அருமையாக இருந்தது. 5,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டில் பச்சைச் சமோசாவை வைத்தால் வெளுத்து வறட்டி மாதிரி வந்தது. அவர்கள் தந்தது முன்னமே பொரித்ததைச் சூடாக்கியது என்று அப்போதுதான் புரிந்தது. பன்னிரண்டாம் நாள் விசிறியும் நின்றுவிட்டது. பில் தரவில்லை, ஒரு துண்டுச்சீட்டுதான். அதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. ஏமாந்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. பொரித்த சமோசாவைச் சூடாக்கிக் காட்டினால் அந்த மெஷின் அற்புதமாகத்தான் தெரியும், அதற்குச் சரியாக வருகிற வேலையே அதுதான். ஏற்கெனவே எண்ணெய் குடித்த தோல், சூடான காற்று பட்டால் போதும். அதை வைத்து உங்கள் கணவரின் நோய்க்கு மருந்து மாதிரி விற்றார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சீட்டில் இருக்கும் வாசகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் பன்னிரண்டாம் நாளே போன் செய்திருக்கிறீர்கள். எந்தெந்தத் தேதியில் கூப்பிட்டீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

போனில் கூகுள் பே மூலம் பணம் கட்டியதாக எழுதியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. அந்தப் பதிவைப் படம் எடுத்து வையுங்கள், வாங்கியதற்கு அதுவே சாட்சி. அட்டைப்பெட்டியை வைத்திருக்கிறீர்களா? அதில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, புகார் எண் இருக்க வேண்டும். ஸ்டால்காரர் ஊர் ஊராகப் போய்விடுவார், அந்த முகவரி ஓடாது. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, அந்த முகவரிக்கும் சீட்டில் உள்ள முகவரிக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், எங்கே வாங்கினீர்கள் என்பது தடையில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் அவ்வளவு நாள் ஆறப்போட வேண்டாம். கடிதத்தை எப்படி எழுதுவது என்று தயங்கினால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: வீடியோவில் பார்த்து "கிரிஸ்பி மேட்" என்று ஒரு சிலிக்கான் விரிப்பு வாங்கினேன். ஏர் ஃபிரையரில் அதைப் போட்டதிலிருந்து எதுவும் மொறுமொறுப்பாக வருவதில்லை. வாங்கி எட்டு மாதம் ஆகிறது, பில் இல்லை, கவரும் இல்லை, எந்தத் தளத்தில் வாங்கினேன் என்பதும் ஞாபகம் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், சென்னை)

பதில்: யாரிடம் கேட்பது என்று நீங்களே சொல்லுங்கள். விரிப்பை வெளியே எடுங்கள். காற்றுப் போகும் ஓட்டைகளை அடைத்துவிட்டு மொறுமொறுப்பைக் கேட்டால் எப்படி?

கேள்வி: ஆர்டர் செய்த சமோசா மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. திறந்தால் மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர், சமோசா தொளதொள. இதற்குப் பேக்கிங் சார்ஜ் 20 ரூபாய் வேறு. (வாசகி, திருச்சி)

பதில்: மொறுமொறுப்பைக் கெடுக்கக் கூலி! வந்தவுடன் மூடியோடு படம் எடுத்துப் புகார் செய்யுங்கள், சில நேரம் பணம் வரும். அடுத்த முறை காகிதப் பையில் போடச் சொல்லிக் குறிப்பு எழுதுங்கள். அச்சடித்த செய்தித்தாள் மட்டும் வேண்டாம். மை உணவில் ஏறும் என்பதால் 2018 பேக்கேஜிங் விதிகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது. வீட்டில் எண்ணெய் வடிக்கவும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: மிச்சப் பலகாரத்தை அதே எண்ணெயில் இன்னொரு முறை போட்டு எடுப்பதே சுலபம் என்கிறார் என் அக்கா. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மொறுமொறுப்பு வரும், அக்கா சொன்னது சரி. எண்ணெயைப் பார்க்க வேண்டும். காய்ச்சக் காய்ச்ச அதில் சேரும் கெட்ட பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஹோட்டல்களுக்கே 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது. கறுத்து, கொழகொழத்து, சீக்கிரம் புகைந்தால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு வாங்கிய சிக்கன் 65, ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டேன். 400 ரூபாய். காலையில் நன்றாகச் சூடாக்கினால் போதுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: போதாது. கோழியை அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் கிருமி சில நேரம் நஞ்சை விட்டுவைக்கும், அந்த நஞ்சு அடுப்புச் சூட்டுக்குப் போகாது. மொறுமொறுப்பாக வேண்டுமானால் வரும். கொட்டிவிடுங்கள்.