பெட்டிக்கடையில் வேப் வைக்கலாமா?

அண்ணா, உங்கள் தண்டையார்பேட்டை கடையில் ஒருத்தர் வேப் (மின் சிகரெட்) பெட்டிகளை இறக்கி, "விற்றபின் காசு தாங்க, ஜிஎஸ்டி பில் இருக்கு" என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். 2019 சட்டப்படி மின் சிகரெட் விற்பனைக்கே தடை, பில் காப்பாற்றாது. முதல் முறையே ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்காமல் சும்மா இருப்பு வைத்தாலும் குற்றம்தான். மாட்டினால் அந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

அப்புறம், எதிரில் பள்ளிக்கூடம் என்கிறீர்களே! அதன் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் சாதாரண சிகரெட், பீடிகூட விற்கக்கூடாது. அபராதம் 200 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். 18 வயதாகாத பையனிடம் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தில் சிறை 7 ஆண்டு வரை போகும். "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று நின்றாலும் தராதீர்கள்.