அப்புச்சி எங்கே என்று மகள் கேட்டால்

கேள்வி: தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா கடைசிவரை முருக பக்தர். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு, எங்கள் தோட்டத்து முன்னால் பந்தல் போட்டு வருஷம் தவறாமல் நீர்மோர் ஊற்றுவார். போன ஆவணியில் இறந்துவிட்டார். சமீபத்தில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில், இயேசுவை ஏற்காமல் செத்த பெற்றோர் எல்லோரும் இந்நேரம் அக்கினியில் கிடக்கிறார்கள் என்று பிரசங்கியார் பேசினார். பக்கத்தில் இருந்த என் ஒன்பது வயது மகள், "அப்புச்சி தீயில வேகறாராம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. அன்பான தேவன் இப்படிச் செய்வாரா? அப்பாவின் வருஷத் திதிக்கு நான் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மணி, முதலில் மகளைக் கவனிப்போம். மற்றதெல்லாம் இரண்டு நாள் பொறுக்கும். இன்றைக்கு ராத்திரியே அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அப்புச்சி ஆண்டவர் கையில இருக்காரு கண்ணு. நாம அப்புச்சி மேல வச்சிருக்கற பாசத்தைவிட அவர் வச்சிருக்கற பாசம் பெருசு" என்று சொல்லுங்கள். பிள்ளையைத் தூங்கவைக்கச் சொல்லும் சமாதானப் பேச்சு என்று இதை நினைக்க வேண்டாம். எந்தச் சபை ஆயரும் மறுக்க முடியாத விசுவாசம் இது.

அந்தப் பிரசங்கம் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. செத்தவர் எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை இவருக்கு யார் கொடுத்தது? கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றிக்கூட அறிவித்ததில்லை.

அதற்காக, நரகமே கிடையாது என்று நான் எழுதினால் உங்களை ஏமாற்றியதாகும். இயேசுவே அதைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருக்கிறார். முடிவில்லாத தண்டனை உண்டு என்று 5ஆம் நூற்றாண்டில் அகஸ்தீன் என்ற ஆயர் அழுத்தமாக வாதாடினார். பெரும்பாலான சபைகள் அந்த வழியில்தான் வந்தன. அவருக்கு முன்பே, எல்லோரும் ஒருநாள் கடவுளிடம் திரும்புவார்கள் என்று ஒரிகன் என்ற வேத அறிஞர் நம்பினார்; 6ஆம் நூற்றாண்டில் திருச்சபை அந்தப் போதனையைக் கண்டித்தது. நம் காலத்தில், சுவிசேஷ சபைகள் பெரிதும் மதித்த ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட், துன்மார்க்கர் காலமெல்லாம் வேதனைப்படாமல் முடிவில் அழிந்துபோவார்கள் என்ற கருத்தின் பக்கம் சாய்வதாக 1988இல் வெளிப்படையாகச் சொன்னார். விசுவாசிகளுக்குள்ளேயே இத்தனை தூரம் பேச்சு நடந்திருக்கிறது.

ஆனால் இயேசு அந்த எச்சரிக்கைகளை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கண்டுகொள்ளாமல் இருந்து, செத்தபின் அக்கினியில் வேதனைப்பட்ட பணக்காரன் கதை, சோற்றுக்குப் பஞ்சமில்லாமல் இருப்பவனை உலுக்குவதற்காகச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரருடைய செத்துப்போன அப்பாவை எந்த வரிசையில் நிறுத்தலாம் என்று பார்ப்பதற்கு யாரும் அதை எடுக்கக் கூடாது.

நீங்கள் நீர்மோர்ப் பந்தலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா வலதுபக்கம் நிற்பவர்களிடம், நான் தாகமாயிருந்தேன், குடிக்கக் கொடுத்தீர்கள் என்கிறார். அவர்கள் திகைத்துப்போய், உம்மை எப்போது பார்த்தோம், எப்போது தாகம் தீர்த்தோம் என்று கேட்கிறார்கள். தாங்கள் யாருக்குச் செய்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை! 'என் சகோதரர்' என்று ராஜா சொல்வது சீடர்களை மட்டும்தான் என்று விளக்குகிறவர்களும் உண்டு. நான் வேறு விதமாகத்தான் வாசிக்கிறேன்: கொப்புளம் கட்டிய காலோடு தார்ரோட்டில் வருகிறவன் கையில் ஒரு டம்ளர் மோரை உங்கள் அப்பா கொடுத்தபோது, ஆண்டவர் அதைப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார். அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. நித்திய அக்கினி பிசாசுக்கும் அவன் தூதருக்கும் ஆயத்தமாக்கப்பட்டது என்றுதான் இருக்கிறது. மனிதருக்கென்று ஆயத்தம் செய்ததாக இல்லை.

அப்படியானால் மனிதர் எப்படி அங்கே போவார்கள்? எனக்கு இதில் தெளிவு கொடுத்தது இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையின் கடைசிப் பகுதி. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்த தம்பி திரும்பி வந்துவிட்டான், உள்ளே விருந்து நடக்கிறது. அண்ணன் கோபத்தில் வாசலிலேயே நின்றுகொள்கிறான். அப்பா விருந்தை விட்டு வெளியே வந்து, உள்ளே வாடா என்று கெஞ்சுகிறார். கதவை அவர் சாத்தவே இல்லை. அவன் போனானா என்று கதையில் சொல்லப்படவில்லை. நரகம் என்றால் அந்த வாசலில் பிடிவாதமாக நின்றுவிடுவதுதான் என்று நான் நம்புகிறேன். 1999 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பாலும் இதையே சொன்னார்: நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, கடவுளைவிட்டு மனமறிந்து விலகிக்கொண்டவர்களின் நிலை. அன்பைக் கட்டாயப்படுத்தி ஊட்ட முடியாது என்பதால்தான் அப்படி ஒரு நிலையே சாத்தியமாகிறது. உங்கள் அப்பா எந்த அழைப்பைத் தெரிந்தே உதறினார் என்று அந்தப் பிரசங்கியாருக்குத் தெரியும்?

சுவிசேஷம் சொல்ல லண்டன் மிஷன் என்ற ஊழிய அமைப்பின் அடிஸ் கோயம்புத்தூருக்கு வந்தது 1830இல். அதற்கும் முன்னே கருமத்தம்பட்டிப் பக்கம் கத்தோலிக்கர் இருந்தார்கள், சரி. ஆனாலும் சுவிசேஷம் என்ற சொல்லையே கேட்காமல் இந்த மண்ணில் காடு உழுது, ஆடு மேய்த்துச் செத்த தலைமுறைகள் எத்தனை! பிறந்த காலத்துக்காக ஒருவரைத் தண்டிக்கிறவரை அன்புள்ளவர் என்று எப்படிச் சொல்வது? நியாயப்பிரமாணம், அதாவது மோசே வழியாக வந்த சட்டம், இல்லாதவர்களுக்கு அவர்கள் மனச்சாட்சியே சாட்சி என்று ரோமர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல் போய், மனச்சாட்சிப்படி கடவுளின் சித்தத்தைச் செய்ய முயல்கிறவர்களும் மீட்பு அடையலாம் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதி வைத்தது.

திதிக்குத் தாராளமாகப் போங்கள். உங்கள் மனச்சாட்சி ஒப்பாத சடங்கு இருந்தால், அந்த நேரம் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதல் நாளே போய் அம்மாவுக்குச் சமையலில் ஒத்தாசை செய்யுங்கள், எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். அப்புச்சி எப்படி மோர் ஊற்றுவார் என்று அம்மாயி வாயால் அவள் கேட்கட்டும்.

அந்தக் கூட்டத்துக்கு மட்டும் இனி மகளைக் கூட்டிப்போக வேண்டாம். வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு உங்கள் ஆயரை நேரில் பாருங்கள். பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இப்படிப் பேசக் கூடாது என்று கூட்டம் நடத்துகிறவர்களிடம் எடுத்துச் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. அவர் தயங்கினால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.