சாலையை விடுங்கள், மேலே பாருங்கள்

கேள்வி: மலைச்சாலையில் எங்கே மண் சரியும் என்பதை டிஜிட்டல் மேப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சிவப்பை நம்புங்கள். பச்சைதான் இடிக்கிறது.

இந்த மேப்புகளுக்கு அடிப்படை தரையின் உயரம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த உயரக் கணக்கு இன்று யாருக்கும் இலவசம். சரிவு எத்தனை டிகிரி, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அதிலிருந்து மென்பொருளே சொல்லிவிடும். பாறை, மண், முன்பு சரிந்த இடங்கள் எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கி மதிப்பெண் போட்டால் நீங்கள் பார்த்த நிறங்கள் கிடைக்கும்.

அந்தக் கணக்கு தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர். இருவழிச் சாலையோ 7 மீட்டர்தான். சாலைக்காக மலையைச் செங்குத்தாகச் செதுக்கியிருப்பார்களே, அது ஒரே கட்டத்துக்குள் கரைந்துபோகும். 60 டிகிரியில் நிற்கும் வெட்டுகூட அக்கம்பக்கத்தோடு சராசரியாகி, சாதுவான சரிவாகத் தெரியும். மலைச்சாலையில் அடிக்கடி விழுவதே அந்த வெட்டுதான்!

அதனால்தான் லிடார் கேட்டு நான் நச்சரிப்பேன். விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் அடித்து, இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பிய ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால், மரமே இல்லாத மலை திரையில் வரும். ஒரு மீட்டர் நுணுக்கம்கூடக் கிடைக்கும். மேலே லாட வடிவில் ஒரு வெட்டு, கீழே மேடும் பள்ளமுமாக ஒரு குவியல் தெரிகிறதா? என்றைக்கோ சரிந்து, பாதியில் நின்ற மண் அது. அதன் அடிவாரத்தை வெட்டிச் சாலை போட்டால் மறுபடி புறப்படக்கூடும். காட்டுக்குள் நடந்து போனால் அதன்மேலேயே நின்றாலும் தெரியாது.

சாலையின் இருபுறமும் நூறு மீட்டர் பட்டையை மட்டும் ஆராய்ந்து அறிக்கை கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாறை உருளத் தொடங்கும் இடம் அரை கிலோமீட்டர் மேலே இருக்கலாம். ஓடை சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் அதன் நீர்ப்பிடிப்பு முழுவதையும் உச்சிவரை பார்க்க வேண்டும்.

பழைய சரிவுகளின் பட்டியலிலும் ஒரு கோளாறு உண்டு. போக்குவரத்தை மறித்தவற்றைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கிறார்கள். காட்டுக்குள் சரிந்ததை யார் போய்ப் பார்த்தது? ஆகவே பல இடங்களில் பச்சைக்கு அர்த்தம் ‘பதிவில்லை’, அவ்வளவே.

கேள்வி: செயற்கைக்கோள் மலை நகர்வதை மில்லிமீட்டர் கணக்கில் காட்டுமாமே?

பதில்: காட்டும். 2014இல் ஏவத் தொடங்கிய சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் வரிசை அதற்குப் பயன்படுகிறது. வெறும் பாறையும் கட்டடமும் உள்ள இடத்தில் அருமை. அடர்ந்த காட்டில் சிக்னல் குழம்பிவிடும். வடக்கு-தெற்காக நகரும் மண்ணும் அதற்குச் சரியாகப் பிடிபடாது. திடீரென்று பெயர்ந்து விழும் பாறைக்கு முன்னறிவிப்பும் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: நானே வீட்டில் செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. மேப் போட உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) இலவச மென்பொருள்தான். உயரத் தரவை இறக்கி, சரிவு மேப்பும், மேடுபள்ளத்தை வெயில்-நிழலாகக் காட்டும் நிழல் மேப்பும் போடுங்கள், ஓடைகளை வரையுங்கள். பிறகு மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, அந்த ஓடைகள் சாலையைக் கடக்கும் கல்வெர்ட்டுகளை, அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்களை, நேரில் பாருங்கள். கல்லும் கட்டையும் அடைத்துக்கொண்ட குழாயை எந்த மேப்பும் சொல்லாது. தண்ணீர் சாலைமேல் ஏறி, வெளிப்பக்க விளிம்பை அரித்துக்கொண்டு போவது அங்கேதான்.