வீட்டில் வாசிக்க ஒற்றை ஸ்பீக்கர் ஆம்பா, இரட்டை ஸ்பீக்கர் ஆம்பா?

கேள்வி: மூன்று வருடமாக எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். கையில் இருக்கும் 10 வாட் சின்ன ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) மாற்ற வேண்டும். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா வரிசையில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள 50 வாட் மாடலையும், அதே அளவு ஸ்பீக்கர் இரண்டு உள்ள 100 வாட் மாடலையும் பார்த்து வைத்திருக்கிறேன். அடுக்குமாடியில் இரண்டாம் மாடி வீடு. வாசிக்கும் அறை 10க்கு 12 அடி. "ரெண்டு ஸ்பீக்கர்னா ஸ்டீரியோ சார், கம்மி வால்யூம்லயே நிறைவா கேக்கும், கொஞ்சம் கூடப் போட்டு இதையே எடுத்துக்குங்க" என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: ஒற்றை ஸ்பீக்கர் ஆம்பையே எடுங்கள். கடைக்காரர் சொன்ன இரண்டில் ஒன்று தவறு, மற்றது பாதி சரி.

தவறானது ஸ்டீரியோ. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரட்டை ஸ்பீக்கர் கட்டானா மோனோதான். ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கரிலும் வரும், அவ்வளவே. பேர்போன இரட்டை ஸ்பீக்கர் ஆம்ப்களான ஃபெண்டர் ட்வின் ரிவர்பும் வாக்ஸ் ஏசி30-உம் கூட மோனோதான். ஸ்டீரியோ என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப் உள்ளே இருக்க வேண்டும். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 அப்படிப்பட்டது. 60 வாட் ஆம்ப் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. அதிலுள்ள கோரஸ் என்ற எஃபெக்டைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேரான ஒலியும் மற்றதில் லேசாக அலையும் ஒலியும் வந்து, இரண்டும் அறையின் காற்றில்தான் கலக்கும். அந்த ஒலிக்கு ஈடு கிடையாது. ஆனால் அது 28 கிலோ. மேடைக்காகச் செய்தது, படுக்கையறைக்கு அல்ல.

பாதி சரியானது அந்த "நிறைவு". இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து தள்ளும் காற்று அதிகம் என்பதால், கீழ் ஸ்வரங்களில் ஒரு கனம் கூடும். பத்தடி தள்ளி நின்று, கொஞ்சம் சத்தமாக வைத்தால் அது நன்றாகவே தெரியும். உங்கள் அறையில் ஆம்புக்கும் உங்களுக்கும் இடையே நாலடி இருந்தால் அதிகம். அவ்வளவு பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் சரியாக ஒன்று சேராது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டிலிருந்தும் மேல் ஸ்வரங்கள் காதுக்கு வந்து சேரும் நேரம் சற்று மாறும். தலையை ஒரு சாண் நகர்த்தினால் டோன் மாறிவிடும். ஒற்றை ஸ்பீக்கரில் இந்தத் தொல்லை இல்லை.

வாட் கணக்கையும் பாருங்கள். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதைவிட முக்கியம், கிடார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலானவை வெறும் 1 வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரை கொடுப்பவை. மனிதர்கள் சாதாரணமாகப் பேசுவது 60-ஐ ஒட்டி. ஆக, அடுக்குமாடியில் நீங்கள் வாசிக்கப்போவது ஒரு வாட்டில் சிறு பங்குதான். மீதி வாட்டெல்லாம் உள்ளே சும்மா கிடக்கும். கட்டானாவில் 0.5 வாட்டுக்கு இறக்கும் வசதி இருப்பதே இதற்காகத்தான். இது இரண்டு மாடலிலும் உண்டு என்பதால், இதற்காகப் பெரியதை வாங்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். ஒற்றை ஸ்பீக்கர் மாடல் சுமார் 12 கிலோ, இரட்டை 20 கிலோவை ஒட்டி. லிஃப்ட் நின்றுபோன நாளில் இரண்டு மாடி தூக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு சாய்வு ஸ்டாண்ட் வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஆம்பைத் தரையில் வைத்து வாசித்துவிட்டு, ஒலி மந்தமாக இருக்கிறது என்று அடுத்த ஆம்பைத் தேடப் போகிறார்கள். 12 அங்குல ஸ்பீக்கர் மேல் ஸ்வரங்களை நேர் முன்னால் குறுகலாக வீசும். தரையில் வைத்தால் அவை முழங்காலில் படும், காதுக்கு வராது. மந்தமாக இருக்கிறதே என்று ட்ரெபிளை (மேல் ஸ்வரங்களின் அளவை) ஏற்றுவீர்கள், எதிரே சோபாவில் இருப்பவருக்குக் காது கூசும். சாய்த்து, ஸ்பீக்கரின் நடு காதைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, ட்ரெபிளை மறுபடி முதலிலிருந்து அமையுங்கள். தரையை விட்டு எழுந்தால் கீழ்வீட்டுக்கு இறங்கும் பேஸும் குறையும். மூலையில் மட்டும் தள்ளாதீர்கள், அங்கே பேஸ் குமுறும்.

கடையில் பார்க்கும்போது உங்கள் கிடாரையே கொண்டு போங்கள். வாசித்துக் காட்டுபவர் சத்தமாக வைப்பார், சத்தமாக வைத்தால் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்று பேசினால் கேட்கிற அளவுக்கு வால்யூமை இறக்கச் சொல்லுங்கள். பூஜ்யத்திலிருந்து திருகும்போது ஒலி மெல்ல ஏறுகிறதா, ஒரு மயிரிழையில் குபீரென்று கிளம்புகிறதா என்று பாருங்கள். வீட்டு வாசிப்புக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், யமஹா டிஎச்ஆர்10 II (THR10II) போன்ற மேசை ஆம்பைப் பாருங்கள். அதில் 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு. அது உண்மையிலேயே ஸ்டீரியோ, ப்ளூடூத்தும் உண்டு.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் ட்யூப் ஆம்ப் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: நல்ல ஆம்ப்தான்: 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஆனால் அங்கே விற்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு. நம் சுவரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே செருகினால் ஃபியூஸோடு போவது அதிர்ஷ்டம். வோல்டேஜை இறக்கித் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஆம்பின் பின்புறம் எழுதியிருக்கும் வாட்டைவிடத் தாராளமான அளவில், எர்த் பின் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கிடார் கம்பியில் எப்போதும் உங்கள் கை இருக்கிறது, எர்த் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே வாரண்டி பெரும்பாலும் செல்லாது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இங்கேயே 230 வோல்ட் மாடல் வாங்குவது நிம்மதி. எப்படி வாங்கினாலும் ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றிவிட்டு ட்யூப் ஆம்பை ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய இரட்டை ஸ்பீக்கர் ஆம்பில் ஒரு பக்கம் ஒலி வராத மாதிரி சந்தேகம். "ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது" என்று விற்றவர் கையை விரிக்கிறார்.
— வாசகி, மதுரை

பதில்: முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வால்யூமைக் குறைத்து ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டச் சொல்லி, ஒவ்வொரு ஸ்பீக்கரின் துணிக்கும் காதைக் கொண்டுபோங்கள். செத்த ஸ்பீக்கரின் முன்னால் ஒலி பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருவது தெரியும், நேரே வராது. ஃபோனை இரண்டின் முன்னும் வைத்து வீடியோ எடுங்கள். பேரலலாக (தனித்தனிப் பாதையில்) இணைத்த ஸ்பீக்கரில் ஒன்று போனாலும் மற்றது பாடிக்கொண்டிருக்கும். இந்தப் பழுது இத்தனை நாள் தெரியாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பின் பலகையை நீங்களே கழற்ற வேண்டாம், வாரண்டிக்கு வம்பு.

ரிட்டர்ன் நாள் முடிந்ததால் வாரண்டி முடிந்துவிடாது. பில், வீடியோ இரண்டையும் வைத்து விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சு போதாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.