வீட்டில் இழப்பு நடந்த வருடம் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். அப்பா இறந்த வருடத்திலேயே நள்ளிரவுப் பூசைக்குப் போனால், ஸ்டார் கட்டினால், ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தால் ஊரைவிட வீட்டுக்குள்தான் யாரோ முறைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பெரும்பாலும் ஒரு அத்தையாக இருக்கும்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு வேகம் என்றால், நான் தூத்தூர் பக்கத்துப் பெண். மாவட்டம் கன்னியாகுமரி, கத்தோலிக்கச் சபை நிர்வாகத்தில் திருவனந்தபுரம் மறைமாவட்டம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். போனால் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். ‘மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்’ என்று டிவியில் சொன்னார்கள். எப்போதோ போய்விட்டவர்களுக்கு அதை யார் போய்ச் சொல்வது? என் மாமாவும் போயிருந்தார்.

டிசம்பர் 3 திருவருகைக் காலத்து, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில், முதல் ஞாயிறு. வாரம் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். முதல் மெழுகுதிரி நம்பிக்கைக்கு என்பார்கள். எங்களை வதைத்ததே அந்த நம்பிக்கைதான். லட்சத்தீவில் சிலர் கரையேறினார்கள், மகாராஷ்டிராவில் சில படகுகள் ஒதுங்கின என்று செய்தி வரும்போதெல்லாம் மாமி செல்போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். உடல் கிடைத்த வீடுகளில் அழுது அடக்கம் செய்தார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. பூசையில் மாமாவுக்காக ஜெபிக்கச் சொல்லிப் பெயர் எழுதக் கோயில் ஆபீஸுக்குப் போனோம். இறந்தவர்கள் பக்கத்தில் எழுதவா என்று கேட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டினான் அங்கிருந்த பையன். மாமி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, “சுகத்துக்கு எழுது மக்கா” என்றார், உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதுகிற மாதிரி. இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார். இழப்பீடு வாங்கிய பிறகும். அது வேறு இது வேறு. பணத்தை வாங்கிக்கொண்டு நடிக்கிறாள் என்று பேசிய சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

அந்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் ஒரு ஸ்டார் கூடக் கிடையாது. ஆள் உயிரோடு திரும்பிய வீடுகளிலும் கட்டவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் மாமியைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். யாரும் முந்திரிக்கொத்து சுடவில்லை. (எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும்தான். ஆபீஸில் வருடா வருடம் “கேக் எங்கே?” என்று உரிமையோடு கேட்பவர்கள், நான் கொண்டுபோகும் முந்திரிக்கொத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பாசிப்பயறு வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி, உருட்டிச் சுட்டு எடுப்பது என்ன பாடு என்று இவர்களுக்குத் தெரியுமா? சரி, விடுங்கள்.)

ஆனால் பூசைக்கு எல்லோரும் போனோம். திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவில்தான் மணி அடித்து மறுபடி தொடங்குவார்கள். அன்று மணி அடித்ததும் எல்லோரும் நின்றிருக்க, மாமி மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டார். முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. முன்னால் நின்ற கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டு முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். அன்பு பற்றி நான் நிறைய பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எதுவும் இந்த அளவுக்கு நினைவில் இல்லை.

கிறிஸ்துமஸ் சந்தோஷப்படுகிறவர்களுக்கு மட்டும் என்று உங்கள் அத்தை சொன்னால், டிசம்பர் 28 என்ன நாள் என்று கேளுங்கள். இயேசு பிறந்தபோது ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பிள்ளைகளை இழந்து, ஆறுதல் வேண்டாம் என்று மறுத்து அழும் ராகேலை மத்தேயு தன் நற்செய்தியில் அந்த இடத்தில்தான் கொண்டுவருகிறார். பாலன் பிறந்து மூன்றே நாள் கழித்து ஒப்பாரியை வைத்திருக்கிறது திருச்சபை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைகளில் டிசம்பர் 26-ம் சும்மா கடந்துபோகிற நாள் இல்லை.

துக்கத்தில் கோயிலுக்கு வராதவர்களை நான் குறை சொல்லவில்லை. என் தம்பி இரண்டு வருடம் உள்ளேயே வரவில்லை, அவனிடம் யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. நான் சொன்னது கத்தோலிக்க வழக்கம்; சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகளின் வழக்கம் எனக்குத் தெரியாது, அவர்கள் தனியாக எழுதட்டும். மதப் பிரச்சாரம் என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கேட்டவர் கிறிஸ்தவர், கேட்டது பூசையைப் பற்றி.

கடைசி வரிசையில், கதவுப் பக்கம் இடம் பிடியுங்கள். முடியாவிட்டால் நடுவிலேயே எழுந்து வந்துவிடலாம். ஸ்டார் விஷயத்தை அம்மாவிடம் கேளுங்கள், அத்தையிடம் கேட்காதீர்கள்.