இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் இறந்துபோன நல்ல மனிதர்களுக்கு இறுதித் தீர்ப்பில் என்ன நடக்கும்? கிறிஸ்தவர்கள் உண்மையில் என்ன நம்புகிறார்கள்?

கேள்வி கேட்டவரை எனக்குத் தெரியாது. ஆனால் பொழுதுபோகாமல் கேட்டதாகத் தோன்றவில்லை. "நல்ல மனிதர்கள்" என்று பன்மையில் எழுதியிருந்தாலும் உங்கள் மனதில் இருப்பது ஒரே ஒரு முகமாகத்தான் இருக்கும். அப்பாவாக இருக்கலாம், அம்மம்மாவாக இருக்கலாம். செத்தவீட்டுச் சத்தம் அடங்கிய பிறகு யாரோ ஒருவர் வேதப் புத்தகத்தோடு வந்து, ஆறுதல் சொல்வதுபோல் தொடங்கி, "ஆண்டவரை அறியாமலே போய்விட்டாரே" என்று முடித்திருப்பார். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு நேர்ந்தது அப்படித்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறையியல் படித்தவள் அல்ல. இலங்கையின் வடக்கே, மடு மாதா கோயிலுக்குக் கிட்டிய ஒரு கிராமம், கத்தோலிக்கக் குடும்பம், அம்மப்பா உபதேசியார், ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டேன். தகுதி இவ்வளவுதான். வசனங்களை அடுக்கிக்கொண்டு கீழே சண்டைக்கு வரக் காத்திருப்பவர்களுக்கு: அந்த வசனங்கள் எனக்கும் தெரியும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே எழுதிவிடுகிறேன்.

யோவான் 3:16ஐ எல்லோரும் சுவரில் மாட்டுகிறோம். இரண்டு வசனம் தள்ளி, விசுவாசியாதவன் ஏற்கெனவே தீர்ப்புக்கு உட்பட்டுவிட்டான் என்று இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. நடுவில் இருக்கும் 17ஐ நீங்களும் மறைக்கக்கூடாது: மகன் அனுப்பப்பட்டது உலகத்தைத் தண்டிக்க அல்ல, மீட்க. பிறகு மத்தேயு 25. இறுதித் தீர்ப்பை இயேசுவே தம் வாயால் விவரிக்கும் இடம் அது. செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் நிறுத்துகிறார். நீ எந்தச் சபை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா, சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான் விசாரணை. வலப்பக்கம் நிற்பவர்களே "எப்போது ஆண்டவரே உமக்குக் கொடுத்தோம்?" என்று திகைக்கிறார்கள். உரோமையர் 2இல் பவுல், திருச்சட்டம் கிடைக்காத மக்களுக்கு அவர்களுடைய மனச்சாட்சியே சாட்சி என்கிறார். இவை எல்லாம் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒரு தாளை மட்டும் கிழித்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்பது 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் காலத்திலிருந்து வரும் பேச்சு. 1442இல் புளோரன்ஸ் சங்கம், சாவதற்கு முன் திருச்சபையில் சேராதவர்களுக்கு நித்திய நெருப்புத்தான் என்று எழுதியே வைத்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பேச்சின் தொனி மாறியது. தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடந்தவரும் மீட்படைய முடியும் என்று அது சொன்னது. "முடியும்" என்றுதான் சொன்னது, "அடைவார்" என்று அடித்துச் சொல்லவில்லை. இடையில் அமெரிக்காவில் லெனார்ட் ஃபீனி என்றொரு குருவானவர், கத்தோலிக்கர் அல்லாத ஒருவரும் கரையேறமாட்டார் என்று விடாமல் பிரசங்கித்தார். உரோமாபுரி கூப்பிட்டும் அவர் போகவில்லை. 1953இல் திருச்சபை அவரையே வெளியே தள்ளிவிட்டது. வெளியே மீட்பில்லை என்றவர் வெளியே நின்றார். பத்தொன்பது வருடம் கழித்துத்தான் சமாதானம் ஆனது.

ஆனால் 1964 எங்கள் அம்மம்மாவிடம் வந்து சேரவில்லை. அவர் ஞானோபதேசம் படித்தது அதற்கு முன்.

பக்கத்து வளவு மாமா சைவம். மாமா என்றால் இரத்த உறவு இல்லை. இரண்டு வளவுக்கும் ஒரே கிணறு, அந்த உறவு. நெற்றியில் மூன்று குறி இல்லாமல் வயலுக்கு இறங்கமாட்டார். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போய், பாலாவித் தீர்த்தத்தில் குடத்தை நிரப்பி, தன் கையாலேயே சிவலிங்கத்துக்கு ஊற்றிவிட்டு வருவார். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு எங்களை ஏற்றிப்போவதும் அவருடைய உழவு இயந்திரம்தான். பாம்புக்கு நல்லது என்று மடு மண்ணை முடிச்சாகக் கட்டித் திருநீற்றுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். இரண்டும் அடித்துக்கொள்ளாதா மாமா என்று நான் சின்னவயதில் கேட்டிருக்கிறேன். "பெட்டி பெரியது பிள்ளை" என்றார்.

2008 ஏப்ரலில், போர் நெருங்கி வர, மடு மாதாவின் சொரூபத்தையே குருக்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாதாவே வெளிக்கிட்டபின் நாங்கள் எதை நம்பி இருப்பது? ஒரே உழவு இயந்திரத்தில் இரண்டு குடும்பமும் ஏறினோம். முழங்காவில், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை. 2009 மார்ச்சில் பொக்கணைக் கடற்கரை மணலில் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தோம். மண்மூட்டைக்கு உரப்பை இல்லாமல் சேலைகளைத் தைத்தோம். மாமியின் கூறைச்சேலை மண்ணை விழுங்கி வாசலில் கிடந்தது.

கஞ்சி வரிசைக்குப் போன மாமாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். (யாருடைய ஷெல் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அது வேறு கேள்வி. இந்தப் பதிலின் கீழே அந்தச் சண்டை வேண்டாம்.) வயிற்றில் காயம். மாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வாகனம் பிடிக்கலாம் என்று மாமியும் மகனும் ஓடிவிட்டார்கள். வாசலில் மாமாவோடு நானும் அம்மம்மாவும். எனக்குப் பத்தொன்பது வயது.

மாமா தண்ணீர் கேட்டார். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது அந்த நாட்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். துணியை நனைத்து உதட்டைத் தடவினேன். பிறகு அவர் கேட்கவில்லை, கண் சொருகிவிட்டது. அப்போதுதான் அம்மம்மா பங்கருக்குள்ளிருந்து சொன்னார்: "பிள்ளை, ஆத்துமம் வெளிக்கிடுகிறது. தண்ணீரை எடு."

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். சாகும் அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கக் குருவானவர் வேண்டியதில்லை. யாரும் கொடுக்கலாம், கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர் வேண்டும், சரியான வார்த்தை வேண்டும், திருச்சபை எண்ணுவதை எண்ணிச் செய்யவேண்டும். உபதேசியார் மனைவிக்கு இது நுனிநாக்கில் இருந்தது. சூசை என்று பெயர் வைக்கச் சொன்னார். சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர்.

பால்மா டின்னில் அரைவாசித் தண்ணீர் இருந்தது. மூன்று தரம் ஊற்றினேன். "சூசை, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உன்னைக் கழுவுகிறேன்." மாமாவை "நீ" என்று நான் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான். நெற்றியில் இருந்த திருநீறு சாம்பல் சேறாகி, கன்னப்பொறியால் வழிந்து காதுக்குள் இறங்கியது. மூக்கின் பக்கமாக வந்த நீரை, கண் திறக்காமலே, நாக்கை நீட்டி நக்கினார்.

மாமி திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வாகனம் கிடைக்கவில்லை. "தலை ஏன் நனைந்திருக்கிறது?" என்று கேட்டார். "வியர்வை மாமி" என்றேன். கொள்ளி வைக்க வழியில்லை; பங்கருக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டித் தாட்டோம். ஒரு சைவக்காரருக்கு அவருடைய நெருப்பும் கிடைக்கவில்லை, எங்களுடைய சேமக்காலை என்ற கல்லறைத் தோட்டமும் கிடைக்கவில்லை.

போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து வெளியே வந்தபின் வவுனியாவில் ஒரு குருவானவரிடம் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். வயதுக்கு வந்த ஒருவர் தானே விரும்பி, அந்த விருப்பத்தை எப்படியாவது காட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஞானஸ்நானம் ஆகாது மகள் என்றார். தண்ணீர் இல்லாமல் ஒருவரின் ஆசையாலேயே ஆகும் ஆசை ஞானஸ்நானம் என்று ஒன்று இருப்பதையும், ஃபீனியின் கதையையும் அவர்தான் சொன்னார். பிராயச்சித்தம் மூன்று அருள்நிறை மந்திரம். அந்தத் திருநீற்றுக்கு அவ்வளவு மலிவான கணக்கா என்று அன்று இரவு அழுதேன்.

மீள்குடியேறிச் சில வருடம் கழித்து, ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் எங்கள் ஊருக்கு ஊழியம் செய்ய வரத் தொடங்கினான். நல்ல பிள்ளைதான், குறை சொல்லமாட்டேன். மாமியின் பேரனுக்குக் கொப்பிகள் கொண்டுவந்து கொடுத்தான், காய்ச்சலில் கிடந்தபோது செபித்தான். ஒருநாள் மாமி தானாகவே கேட்டிருக்கிறார், இவர் எங்கே இருப்பார் என்று. அவன் பொய் சொல்ல விரும்பவில்லை போலும். உள்ளதைச் சொன்னான், அதாவது அவனுக்கு உள்ளதென்று படிப்பித்ததை.

மாமி எங்கள் குசினி வாசலில் வந்து நின்று, "உன்னுடைய இயேசுவும் அப்படித்தானா பிள்ளை?" என்றார்.

நான் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். சீவியரையும் மரித்தவரையும் நடுத்தீர்க்க அவர் வருவார் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன். அதை மனதாரத்தான் சொல்கிறேன். எல்லா மதமும் ஒன்றுதான் என்று தலையாட்டும் கூட்டத்தில் நான் இல்லை. அவர்தான் நடுவர் என்று நம்புகிறபடியால்தான் அந்தத் தம்பிக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை என்கிறேன். நீதவான் வரும்முன் பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலர்) ஏறிக் கதிரையில் இருந்து தண்டனை வாசித்தால் ஏற்றுக்கொள்வோமா? பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு அன்றைக்கே பரகதி கொடுத்தவர் அந்த நடுவர். அவர் மாமாவை என்ன செய்வார் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. மோட்சம் என்று நான் எழுதிக்கொடுத்தாலும் அதுவும் அதே கதிரையில் ஏறுவதுதான்.

மாமி தலையாட்டிவிட்டுப் போனார். நான் ஊற்றிய தண்ணீரைப் பற்றி அன்றும் வாய் திறக்கவில்லை.

தீர்ப்பு, சாட்சி என்று பேசுவதால் இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. மாமாவின் மரணச் சான்றிதழுக்கு மாமி அலைந்த அலைச்சல். ஆஸ்பத்திரித் துண்டு எங்கே என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லையே என்றால், அப்படியானால் இறந்தது எப்படித் தெரியும் என்றார்கள். மரணம் நடந்த இடம் "பங்கர் வாசல்" என்று சொன்னதற்கு, அப்படி ஒரு இடம் படிவத்தில் இல்லை என்று ஒருவர் பேனாவை மூடிவைத்தார். இது எங்கள் பிரிவு இல்லை என்று ஒரு காரியாலயம் அனுப்பியது. மற்றது திருப்பி அனுப்பியது. நாலாம் முறை போனபோது முதல் மூன்று முறையும் கொடுத்த பிரதிகள் காணாமல்போயிருந்தன. எக்காளம் ஊதி எழுப்பும் நாளில்கூட எங்கள் ஆட்களிடம் இரண்டு பிரதி கேட்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போதும் பல பெண்கள் இப்படி உறையும் கையுமாகத் திரிகிறார்கள். சரி, விடுகிறேன்.

கடைசியில் கண்ட சாட்சி ஒருவர் சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும் என்றார்கள். கண்ட சாட்சி நான்தான். சமாதான நீதவான் முன் இருந்து, எத்தனை மணி, எந்தப் பக்கம் காயம், கடைசியாக என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்துக் கதிரையில் மாமி. "வேறு ஏதாவது?" என்று நீதவான் கேட்டார். இல்லை என்று கையெழுத்து வைத்தேன்.

வவுனியாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் சொல்லிவிட்டேன். அம்மம்மா சொன்னது, பால்மா டின், திருநீறு கரைந்தது, வியர்வை என்று பொய் சொன்னது, அது செல்லாது என்று குருவானவர் சொன்னது, எல்லாம். மாமி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். செட்டிகுளம் தாண்டும்வரை பேச்சில்லை. என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன்; ஏசியிருந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"என்ன பெயர் வைத்தாய்?"

"சூசை."

"அது யார்?"

"இயேசுவை வளர்த்த அப்பா, மாமி. தச்சுவேலை செய்தவர்."

"ம்." டிக்கெட்டைச் சுருட்டி மோதிரத்துக்குள் செருகினார். கொஞ்ச நேரம் கழித்து, "நாக்கை நீட்டினார் என்றாயே" என்றார்.

"ஓம் மாமி."

"அப்படியென்றால் ஒரு மிடறாவது உள்ளே போயிருக்கும்."